வரப்பில் நிற்கிறவள்

வாருங்கள் கண்ணுகளா, கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். வெளியே காற்று ஊசியாய்க் குத்துகிறது. ஒரு கதை சொல்கிறேன். நடந்தது நடந்தபடி சொல்வேன், அந்த ஒரு வாக்குத்தான் என்னால் தர முடியும். கேட்கும்போது யாருக்காவது கண் நிறைந்தால் அடக்க வேண்டாம், அழுதுவிடுங்கள். சொல்லுகிறவளுக்கும் நிறையும்.

கசாக்குச் சீமையில், காரதால் ஆற்றங்கரையில் வெங்காயம் போடுகிற யாரைக் கேட்டாலும் கிளாபிராவைத் தெரியும். கொரியச் சனத்தில் தியான் வீட்டுக்காரி. அறுபத்தொரு வயது. குனிந்து குனிந்து நாற்று நட்டதில் முதுகு வில்லாகிவிட்டது. நிமிர்ந்து நின்றாலும் கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரிதான் இருப்பாள். புருஷன் ரயில் பாதை வேலைக்குப் போன இடத்தில் செத்து முப்பது வருஷம் ஆகிறது. இருந்தது ஒரே மகள், ரிம்மா.

பனி உருகியதும் தாயும் மகளும் பானை சட்டியோடு குத்தகை நிலத்துக்குப் போய்க் குடிசை போட்டுவிடுவார்கள். நாற்று நட்டு, களை பிடுங்கி, கிழங்கைக் கிளறி, தாளை அறுத்து, சிவப்பு வலைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றிய பிறகுதான் ஊர் முகத்தைப் பார்ப்பார்கள். நடவு என்றால் ஆளுக்கு ஒரு வரிசை. கண்ணுக்கெட்டும் தூரம் நீளும் வரிசை அது. யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் கடைசி வரப்பில் தண்ணீர்ச் செம்போடு நிற்க வேண்டும். பின்னால் வருகிறவள் வந்து குடித்த பிறகுதான் இருவரும் சேர்ந்து அடுத்த வரிசையில் குனிவார்கள். அது அந்த நிலத்துப் பழக்கம். சின்ன வயதில் ரிம்மா பின்தங்கிவிட்டு, "எம்மா, நில்லு, போயிராத" என்று கத்துவாள். "வரப்புலதான் நிக்கேன், வாட்டி" என்று கிளாபிரா குரல் கொடுப்பாள். பதினைந்து வயதுக்குமேல் முறை மாறிவிட்டது. மகள் வரப்பில் நிற்பாள், தாய் பின்னால் வருவாள்.

அந்த வெங்காயத்தில்தான் ரிம்மா தன் பேரில் ஒரு வளவு வாங்கினாள். நடுவில் பெரிய வீடு. பின்னால் பழைய சின்ன வீடு ஒன்று. ரோட்டுப் பக்கமாகக் கிணற்றோடு ஒரு தோட்டம். சின்ன வீட்டில் கிளாபிரா தன் கையாலேயே சூட்டுத்தரை போட்டாள். சமையல்கட்டில் தீ மூட்டினால் வெக்கை தரைக்கடியில் கல் வாய்க்கால் வழியே ஓடி எதிர்ச்சுவர்ப் புகைபோக்கியில் ஏறும். வெளியே முழங்கால் பனி கிடந்தாலும் உள்ளே வெறுங்காலோடு நடக்கலாம். தோட்டத்தில் மிளகாய், முள்ளங்கி, சீனக்கோஸ். சுவரோரம் வெயிலில் சோயா விழுது ஊறும் ஜாடிகள் ஆறு. கோஸில் உப்பும் மிளகாயும் பூண்டும் பிசைந்து ஊறவைத்து ஸ்டேஷன் வாசலில் விற்றால் அவள் வயிற்றுக்குப் போதும்.

ரிம்மா கட்டிக்கொண்டது குவானிஷை. கசாக்குப் பையன், லாரிக்காரன். வெங்காயம் ஏற்ற வந்தவன் மூன்று வருஷம் அவள் சாக்கை மட்டுமே ஏற்றினான். பள்ளிவாசல் ஹஸ்ரத் முன்னால் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்து, ரைகான் என்று பேர் வைத்துக்கொண்டு, அவன் வீட்டு மருமகள் ஆனாள். கிளாபிரா மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நான்காம் நாள் குளிர்ந்த சேமியா சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். "புதுப் பேருக்குப் பழைய வயிறுதான?" என்றாள். அதோடு சண்டை முடிந்தது. ஒன்பது வருஷத்தில் மகள் ஒருநாளும் தாயை, "நீயும் என் மார்க்கத்துக்கு வந்துரு" என்று கூப்பிட்டதில்லை. தாயும் மகளின் தொழுகைப் பாயைத் தாண்டி நடந்ததில்லை.

ரிம்மாவுக்கு ஈரலில் புற்று வந்தது. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தவள் வயலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊசியும் மருந்துமாக ஒரு வருஷம் ஓடியது. அடுத்த இலையுதிர்காலத்தில், "எலும்பு குளிருதும்மா, உன் தரையில படுத்துக்கிடுதேன்" என்று சின்ன வீட்டுக்கு வந்து படுத்தாள். எழவில்லை.

படுத்த பத்தாம் நாள் ஹஸ்ரத்தை வரவழைத்தாள். துர்சின் ஹஸ்ரத் பள்ளிவாசலுக்கு வருமுன் டிராக்டர் ரிப்பேர் பார்த்தவர். சட்டம் சொன்னாலும் திருகாணி முடுக்குகிற மாதிரி அளவாகத்தான் சொல்வார். குவானிஷும் அவன் அண்ணன் அமான்தாயும் சாட்சிக்கு உட்கார்ந்தார்கள். கிளாபிரா சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஹஸ்ரத், என் சொத்துல எங்க அம்மாவுக்கு என்ன பங்கு?"

"பங்கு இல்ல மகளே. தீன், மார்க்கம் வேற வேறயா இருந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் வாரிசாக முடியாது. உன் மாப்ளைக்கு நாலுல ஒண்ணு. மிச்சம் உன் பிள்ளைக்கு."

மாவு பிசைகிற சத்தம் நின்றது.

"ஆனா ஒரு கதவு அடைச்சா இன்னொண்ணு திறந்துதான் இருக்கு. வாரிசு இல்லாதவங்களுக்கு வசியத்துன்னு உயில் எழுதி வைக்கலாம், மூணுல ஒண்ணு வரைக்கும். வாரிசுக்குத்தான் எழுதக் கூடாது. அவங்களுக்குத்தான் பங்கே இருக்கே."

"எங்க அம்மா முஸ்லிமா இருந்திருந்தா?"

"ஆறுல ஒண்ணு. வசியத் கிடையாது."

ரிம்மா சிரித்தாள். சிரித்தால் விலா வலிக்கும், அப்படியும் சிரித்தாள். "எம்மா, கேட்டியா? ஒன்பது வருசமா உன்னைக் கூப்பிடாம இருந்ததுல எவ்வளவு லாபம் பாரு. ஆறுல ஒண்ணு மூணுல ஒண்ணாயிட்டு!"

"எனக்கு என்னத்துக்குட்டி உன் வீடு? எந்திச்சு வந்து இந்த மாவை உருட்டு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சின்ன வீடும் கிணற்றுத் தோட்டமும் சேர்ந்தால் மொத்தத்தில் மூன்றில் ஒன்று வரும் என்று கணித்து, அவை அம்மாவுக்கு என்று எழுதி, ரிம்மா கையெழுத்துப் போட்டாள். அமான்தாய் கையெழுத்துப் போடும்போது மூக்கை உறிஞ்சினான். கிளாபிராவுக்குக் கணக்கெல்லாம் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஏறியது முதலில் சொன்ன ஒரு வார்த்தைதான்: பங்கு இல்லை.

முதல் பனி விழுந்த அன்று, உச்சிப்பொழுது. பெரிய வீட்டில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் குவானிஷ் மருந்து வாங்கப் போயிருந்தான். ரிம்மா கண்ணைத் திறந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா."

"என்னட்டி? தண்ணி வேணுமா?"

"அங்க நீ வரமாட்ட, இல்ல?"

"எங்க?"

"நான் போற இடத்துக்கு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும். சாவுறதுக்கு எனக்குப் பயமில்லம்மா. தேடுவேனே, அதை நெனைச்சாத்தான்..." அதற்குமேல் மூச்சு எட்டவில்லை.

கிளாபிரா மகளின் கையைப் பிடித்தாள். ஒன்பது வருஷமாக அந்த வளவில் கேட்ட வார்த்தைதான். பேரப்பிள்ளைக்கு மகள் சொல்லிக்கொடுத்தபோது தானும் கூடவே முணுமுணுத்த வார்த்தைதான். வாயைத் திறந்து, தடுமாறாமல், முழுக் கலிமாவையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து மகளின் காதோடு, "நீ முன்னால போயி வரப்புல நில்லுட்டி. என் வரிசை முடிஞ்சதும் வந்துருதேன்" என்றாள்.

ரிம்மா தாயின் சுண்டுவிரலை அழுத்தினாள். நாற்று முடிச்சைப் பிடிக்கிற மாதிரி, இறுக்கமாக. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

அதன் பிறகு கிளாபிரா செய்தது அவள் சனம் காலங்காலமாகச் செய்கிறது. கை தானாகச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொடியில் கிடந்த மகளின் சட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பனியில் நின்று அதை ஆட்டி, "ரிம்மா! ரிம்மா! ரிம்மா! வந்து உன் சட்டையை வாங்கிக்கோ!" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். சட்டையைக் கூரைமேல் வீசினாள். பக்கத்து வளவில் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த சோயா பாக் என்கிற கொரியக்காரி கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அது போகிற உயிரைத் திரும்ப அழைக்கிற கூப்பாடு என்று கொரியச் சனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் உடலைக் குளிப்பாட்ட ஐந்து பெண்கள் வந்தார்கள். அமான்தாயின் மனைவி பிபிநூர்தான் தலைமை. வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நீங்க வெளிய இருங்க. எங்க முறைப்படி நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

"என் மவளை நான் குளிப்பாட்டக் கூடாதா?"

"தப்பா நெனைக்காதிய. தீன்ல இல்லாதவங்க உள்ள வர்றது முறையில்ல."

"பெத்த அன்னைக்கு முதத் தண்ணி ஊத்தினவ நான்."

"அத்தை..."

"நானும் சொல்லியாச்சுட்டி!" என்றாள் கிளாபிரா. "நானும் கலிமா சொல்லியாச்சு. விலகு."

பிபிநூர் திகைத்துப்போய் ஹஸ்ரத்தைக் கூப்பிட்டாள். அவர் வந்து வாசலில் நின்று, "எங்கே, என் முன்னால ஒருதரம் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள விடுங்க" என்றார். சூட்டுத்தரைமேல் பலகை போட்டு, மகளின் தலையைத் தன் மடியோரம் தாங்கி, கிளாபிரா வெதுவெதுப்பான நீரை ஊற்றினாள். மருந்தில் கொட்டிப்போய் மறுபடி முளைத்திருந்த முடி, வெங்காய நாற்று மாதிரி மெல்லிசாக இருந்தது. அதை விரலால் கோதிக் கோதிக் கழுவினாள். பிபிநூர் தண்ணீரை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

நாற்பதாம் நாள் வந்தது. ஆடு அடித்து, கொதித்த இறைச்சியை மாவுத்தட்டைமேல் பரப்பி, ஊருக்குச் சோறு போட்டார்கள். ஊர் போன பிறகு பெரிய வீட்டில் ஹஸ்ரத், குவானிஷ், அமான்தாய், இரண்டு பெரியவர்கள், வாசலோரம் பிபிநூரும் கிளாபிராவும் உட்கார்ந்தார்கள். ஹஸ்ரத் சட்டைப்பையிலிருந்து வசியத் காகிதத்தை எடுத்து வாசித்தார். சின்ன வீடு, கிணற்றுத் தோட்டம்.

அமான்தாய் அதற்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். வெங்காய வியாபாரி ஒருவன் சரக்குச் சேர்த்துவைக்கக் கிட்டங்கி கட்ட ரோட்டோரமாக இடம் தேடினான். வளவு முழுவதையும் விற்றுவிட்டு, தம்பியையும் பிள்ளையையும் பட்டணத்தில் தன் பட்டறைப் பக்கமாகக் குடிவைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். தம்பி அந்த வீட்டில் இராத்தூக்கமின்றி அலைவதை அவன் கண்ணால் பார்த்தவன். ஆனால் ரோட்டோரம் இருப்பது கிணற்றுத் தோட்டம்தான்.

"ஹஸ்ரத், நான் ஒண்ணு கேக்கேன்" என்றான். "மவ உசுரு போன நிமிசம் கூரையில சட்டையை வீசிப் பேயைக் கூப்பிட்டவங்க இவங்க. மறுநாள் கலிமா சொன்னேங்காங்க. இது என்ன இஸ்லாம்? ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கயா? இவங்களை நம்மாள்னு எப்படிச் சேர்க்க?"

"சேர்க்க வேண்டாம்" என்றார் ஹஸ்ரத் நிதானமாக. "முஸ்லிம் இல்லேன்னா வாரிசு இல்ல. வாரிசு இல்லேன்னா வசியத் செல்லும். மூணுல ஒண்ணு முழுசா அவங்களுக்கு. உனக்குச் சம்மதம்தான?"

அமான்தாய் ஒரு வாய்த் தேநீர் குடித்தான். "முஸ்லிம்னா?"

"மகள் கண்ணை மூடுன நேரத்துல வாரிசா இல்லையாங்கறதுதான் கணக்கு. அதுக்குப் பின்னால முஸ்லிமானா, அப்பவும் வசியத் செல்லும். அதுக்கு முன்னாலயே ஆயிருந்தாத்தான் வாரிசு. வாரிசுக்கு ஆறுல ஒண்ணு, வசியத் போயிரும்."

"அப்படின்னா முன்னாலதான்!" என்று அமான்தாய் முழங்காலில் தட்டினான். "அத்தை என்ன லேசுப்பட்டவங்களா? ஒன்பது வருசமா முஸ்லிம் வீட்டுச் சோத்துல இருந்தவங்க! பன்னியைத் தொட்டிருப்பாங்களா? நோன்புக்குக் கஞ்சி காய்ச்சினவங்க! கூரையில சட்டை விழுந்தா என்ன, காத்துல பறந்திருக்கும்!"

பெரியவர்களில் ஒருவர் தாடிக்குள் சிரித்துவிட்டார். "அமான்தாய், இப்பத்தான் காஃபிர்ன்ன. தேநீர் ஆறுறதுக்குள்ள அவுலியாவா, மகானா ஆக்கிட்டியே."

"சிரிக்காதிய மாமா. ஏ பிபிநூர், குளிப்பாட்ட வந்த அன்னைக்கு அத்தை என்ன சொன்னாங்க? 'சொல்லப்போறேன்'னாங்களா, 'சொல்லியாச்சு'ன்னாங்களா?"

பிபிநூர் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஞாபகமில்ல" என்றாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. கண்ணுகளா, அந்த ஒரு பொய்யை ஆண்டவன் மன்னிக்கட்டும்.

ஹஸ்ரத் கையை உயர்த்தினார். "யாரும் பேச வேண்டாம். அந்த அறையில இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தி மண்ணுக்குள்ள இருக்கா. இன்னொருத்தங்க சொல்லட்டும்." கிளாபிராவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, மறுநாள் வாசல்ல என் முன்னால சொன்னீங்களே, அதைத்தான் நான் கணக்குல வச்சிருக்கேன். அது மகள் போனதுக்குப் பின்னால. அதுக்கு முன்னால சொன்னதுன்னு ஒண்ணு இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

எல்லோருக்கும் புரிந்தது, அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று. குவானிஷ் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தான். 'பின்னாலன்னு சொல்லுங்க அத்தை' என்று அவன் கண் கெஞ்சியது.

ஒரு வார்த்தைதான். அரை நாளைத் தள்ளிச் சொன்னால் போதும். சூட்டுத்தரையும் கிணறும் மிளகாய்ப் பாத்தியும் ஜாடி நிற்கிற வெயில் சுவரும் அவள் சாகிறவரைக்கும் அவளுக்கு. அவளும் முஸ்லிமாகவே இருக்கலாம், ஒன்றும் குறையாது. கிளாபிரா தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீரில் ஆடை படிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாலதான் சொன்னேன்" என்றாள்.

"அத்தை!" என்றான் குவானிஷ்.

"இருங்க மாப்ள. அவ கேட்டா. என் விரலைப் பிடிச்சு அழுத்தினா. அப்புறமாத்தான் போனா." ஹஸ்ரத் பக்கம் திரும்பினாள். "பின்னாலன்னு நான் சொன்னா, அவ கேக்காமப் போனான்னு ஆயிருமே ஹஸ்ரத். தாய் வரமாட்டா, நமக்கு யாருமில்லன்னு நெனைச்சுக்கிட்டே போனான்னு ஆயிருமே. ஒரு தோட்டத்துக்காக என் புள்ளையை அப்படி அனுப்பினேன்னு நான் என் வாயால சொல்லவா?"

அமான்தாய் நிமிரவில்லை. அவன் கேட்டதுதான் கிடைத்தது. ஆனாலும் கிடைத்தவன் முகம் மாதிரி இல்லை.

ஹஸ்ரத் வசியத் காகிதத்தை நான்காக மடித்தார். "வாரிசுக்கு எழுதின வசியத், மத்த வாரிசுங்க எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டாச் செல்லும்" என்றார்.

"நான் ஒத்துக்கிடுதேன்" என்று குவானிஷ் உடனே சொன்னான்.

"உன் பங்குக்கு நீ ஒத்துக்கலாம். பிள்ளை பங்குக்கு யாரு ஒத்துக்கிறது? விவரம் தெரியாத பிள்ளையோட சொத்தைச் சும்மா விட்டுக்கொடுக்கத் தகப்பனுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல."

"அப்ப என் பங்குல இருந்தே கொடுக்கேன். தோட்டம் அத்தைக்கு இருக்கட்டும்."

அமான்தாய் மெல்ல, "பிள்ளையோட வெறுங்கையா எங்கடா போவ?" என்றான்.

கிளாபிரா மருமகனைப் பார்த்துத் தலையசைத்தாள். "வேண்டாம் மாப்ள. தாயில்லாப் பிள்ளையோட போறவரு கையில ஏதாவது இருக்கணும். அவ உங்களுக்குன்னு விட்டதை நான் பிடுங்க மாட்டேன்."

குவானிஷ் ஒருதரம் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். இரண்டாந்தரம் அவன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை.

ஆறில் ஒன்று என்றால் எழுதி வைத்ததில் சரிபாதி. சின்ன வீடும் தோட்டமும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்று பெரியவர்கள் சொன்னார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஹஸ்ரத். தோட்டத்தில் பிழைப்பு இருக்கிறது, வீட்டில் கூரை இருக்கிறது. கிளாபிரா யோசிக்கவே இல்லை. "அவ கேட்ட இடம் அந்தத் தரைதான். எனக்கு அது போதும்" என்றாள்.

பனி உருகும் முன்பே குவானிஷ் பட்டணம் போனான். லாரியில் ஏறுமுன் சின்ன வீட்டுக்கு ஒரு குளிர்காலம் காணும் நிலக்கரியை இறக்கிவைத்தான். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவள்தான் விரல் விரலாகப் பிரித்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில், பெரிய வீட்டையும் தோட்டத்தையும் வாங்கிய வியாபாரி தகரவேலி போட்டான். வேலி சின்ன வீட்டுப் படியிலிருந்து நாலடி தள்ளி எழும்பியது. கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வர வேண்டியதாயிற்று. ஜாடிகளை வடக்குச் சுவரோரம் மாற்றினாள். அங்கே வெயில் இல்லை. அந்த வருஷம் விழுது புளித்துப்போய்விட்டது.

சோயா பாக் சும்மா இருப்பாளா? சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"ஏட்டி கிளாபிரா, உனக்குப் புத்தி மழுங்கிட்டா? அரசாங்க ஆபீசுக்குப் போ. அங்க தீனும் கிடையாது, கலிமாவும் கிடையாது. புருசன், பிள்ளை, தாய் எல்லாருக்கும் சமபங்குன்னு சட்டம் சொல்லுது."

"அவ அந்தச் சட்டத்தைக் கேக்கல. ஹஸ்ரத்தைத்தான கூப்பிட்டா."

"சரி, ஹஸ்ரத்தே வழி காட்டினாரே! அரை நாள் பின்னாலன்னு சொன்னா நாக்கு அழுகிருமாக்கும்? ஒரு அரை நாளுக்காகக் கிணத்தைக் கொடுத்திருக்கியே."

"அரை நாள் இல்லட்டி, ஒரு மூச்சு."

"ஒரு மூச்சுக்காகவா?"

"ஆமா. அவளுக்கு அது ஒண்ணுதான மிச்சம் இருந்துச்சு."

சோயா தலைத்துணி முனையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் வைத்தாள். திட்டிக்கொண்டே வைத்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் கிளாபிரா ஏழு தட்டை ரொட்டி சுடுவாள். எண்ணெய் மணம் போனவர்களுக்குப் போய்ச்சேரும் என்பது கசாக்குச் சனத்தின் நம்பிக்கை. சுடக் கற்றுக்கொடுத்தவள் பிபிநூர். பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் மெல்லிசா அத்தை" என்று சொல்லிக்கொடுத்தாள். ரொட்டியைத் தெருவில் ஏழு வீட்டுக்குக் கொடுப்பாள். கொரியச் சனம் போனவர்களுக்குப் படைக்கிற ஏப்ரல் ஐந்தாம் தேதி புருஷன் கல்லறைக்குச் சோறும் எடுத்துப் போனாள். "நான் உங்க பக்கத்துல படுக்க முடியாது போலிருக்கு. மவ சின்னவ, தனியாக் கிடந்தா பயப்படுவா. நீங்க வளந்த ஆளு, பொறுத்துக்கிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

தோட்டம் போனதால் அறுபத்திரண்டாம் வயதில் கூலிக்கு நாற்று நடப் போனாள். குத்தகைக்காரன் அவளைப் பார்த்து, "பெரியம்மா, வரிசை முடிக்கிறதுக்குள்ள வெங்காயம் முத்திரும் போலயே" என்று கேலி செய்தான். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

ஒருநாள் வெயில் சாய்கிற நேரம். மற்ற பெண்கள் எல்லாம் வரிசை முடித்து லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஹாரன் அடித்தார்கள். கிளாபிரா இன்னும் பாதியில் இருந்தாள். வலது கையால் குழி குத்தி, இடது கையால் நாற்றை வைத்து, பெருவிரலால் மண்ணை அழுத்தி, ஒரு சாண் நகர்ந்து, மறுபடியும் குழி. நடுவில் ஒருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வரிசையின் அந்தக் கோடியில் வெறும் வரப்பு. அதற்கப்பால் புல்வெளி, அதற்கப்பால் வானம். கண்மேல் கையை வைத்து அந்த வரப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரைப் பெரியம்மா பாக்கிய?" என்று லாரியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"எம் மவளைத்தான்" என்றாள் கிளாபிரா. பிறகு குனிந்து, அடுத்த நாற்றை எடுத்துக்கொண்டே, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்கிற குரலில், "அங்ஙனயே நில்லுட்டி. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, வந்துருதேன்" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போங்கள், பனி இறுகுமுன் வீடு சேருங்கள். உங்கள் வீட்டுத் தரை எந்தக் குளிரிலும் சூடாக இருக்கட்டும். கிணறு உங்கள் வேலிக்குள்ளேயே ஊறட்டும். முன்னால் போனவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்குப் பொய்க்காமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட வரப்பில் தனியாக நிற்காமல் இருக்கட்டும்.